ராசாவுக்கு வரவுப்பாட்டு இல்லை

கீழே வருவது முழுவதும் நடந்தது நடந்தபடி. ஒரு சொல்லும் கூட்டவில்லை. அந்தோனியார் சிற்றாலய வாசலில் செருப்பைக் கழற்றி வைத்து, வலக்கையை நெஞ்சில் பதித்துச் செய்த சத்தியம் இது. குறைத்த சொற்கள் மட்டும் கொஞ்சம் உண்டு. அவை சிமியோனின் வாயால் வந்த தூஷணங்கள். அவற்றையும் அச்சிட்டால் இந்தப் புத்தகத்தைச் சுவாமியார் வீட்டு வாசற்படி ஏற்ற மாட்டார்கள்.

சிமியோனைத் தெரியாதவர் குருநகரில் இல்லை. காலையில் கரைக்கு வருகிற மீனை ஏலங் கூறுவது அவருடைய தொழில். குருநகரில் அவர் விளைமீனுக்குக் கூறும் விலை தண்ணீருக்கு அப்பால் மண்டைதீவில் கேட்கும். அங்கே கரையில் நின்றபடியே கையை உயர்த்தி மீன் எடுத்தவர்கள் இருக்கிறார்கள். அது ஒரு பக்கம். மற்றப் பக்கம், அந்தோனியார் திருநாளுக்கு வருடாவருடம் போடுகிற நாட்டுக்கூத்தில் அவர்தான் ராசா. எந்தக் கதையானாலும் அவர்தான் ராசா. ராசாவே இல்லாத கதை ஒன்றையும் ஒருமுறை போட்டுப் பார்த்தார்கள். கடைசிக் கட்டத்தில் அதிலும் ஒரு ராசா வந்தார்.

கூத்தில் ராசா சும்மா நடந்து வந்து நிற்க ஏலாது. முதலில் கட்டியகாரன் வந்து, இன்னார் வருகிறார் என்று சபைக்கு அறிவிப்பான். பிறகு மத்தளம் எழும்பும். திரைக்குப் பின்னால் நின்றே ராசா பாடத் தொடங்குவார். தன்னுடைய நாடு, தன்னுடைய படை, வாள், மீசை என்று எல்லாவற்றையும் பாடி, வெளியே வந்து, ஆடி, மேடையை மூன்று சுற்றுச் சுற்றிய பிறகுதான் ‘மந்திரி’ என்று வாயைத் திறப்பார். இதற்குப் பெயர் வரவு. சிமியோனின் வரவு தொடங்கினால் கச்சான்கடலை விற்கிறவள் சுருள் சுற்றுவதை நிறுத்துவாள். குழந்தைகள் பாதி அழுகையில் வாயை மூடும். வருடம் முழுக்க மீன் விலைக்கு மட்டும் காது கொடுக்கிற ஊர், அந்தக் கொஞ்ச நேரம் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். மற்ற நாட்களையெல்லாம் சிமியோன் அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் பொறுத்துக்கொண்டிருந்தார்.

இந்த வருடம் அதில்தான் மண் விழுந்தது.

காரணம் ஒரு குதிரை. போன வருடம் பக்கத்துக் கோவில்பற்றுக்காரர், அடுத்த பங்குக் கோவில் சனம், தங்கள் கூத்தில் உயிருள்ள குதிரை ஒன்றை மேடையேற்றினார்கள். அது தாளம் பிசகாமல் கால் வைத்தது என்று யாழ்ப்பாணம் பஸ் நிலையம் வரைக்கும் கதை. எங்கள் அண்ணாவியார் செபநாயகம், அதாவது கூத்தைப் பழக்கி மத்தளமும் அடிக்கிறவர், அந்த அவமானத்தில் சவரம் செய்வதை விட்டுவிட்டார். தாடி நெஞ்சைத் தொட்ட அன்று ஒரு முடிவுக்கு வந்தார்.

“இந்தமுறை சண்டை விண்வெளியிலை. உவங்கள் குதிரையை அங்கை கொண்டுவரட்டும் பாப்பம்.”

எழுதுகிற வேலை யசிந்தாவிடம் போனது. யசிந்தா சிமியோனின் தங்கச்சி மகள். நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் பௌதிகவியல் படிப்பிக்கிறாள். விண்வெளிப் போர்க் கதைகளைக் கட்டுக்கட்டாக வாசித்தவள். வாசித்த ஒவ்வொன்றின் மேலும் அவளுக்கு ஒரு கோபம் உண்டு. கோபம் அந்தக் குடும்பத்துச் சொத்து.

நடிகர்களுக்கு அவரவர் பாட்டைப் பங்கிட்டுக் கொடுக்கும் நாள் வந்தது. மண்டபத்தில் அண்ணாவியார் தாள்களை வெற்றிலையில் வைத்துக் கொடுக்க, சிமியோன் கண்ணில் ஒற்றி வாங்கினார். முதல் பக்கத்தைப் பார்த்தார். ‘ராசா மேடையில் நிற்கிறார். சண்டை நடந்துகொண்டிருக்கிறது’ என்று இருந்தது. தாளைத் திருப்பிப் பார்த்தார். வெற்றிலையையும் திருப்பிப் பார்த்தார்.

“வரவு எங்கை?”

“வரவு இல்லை மாமா,” என்றாள் யசிந்தா.

“இல்லையெண்டா? நான் எப்பிடி வாறது?”

“வந்திட்டியள். அதுதான் கதை. உங்கடை கப்பல் வெளிச்சத்தை விடக் கெதியாய் ஓடுது. நீங்கள் வாறதைக் காட்டுற வெளிச்சம் வந்துசேர முன்னம் நீங்கள் வந்து அடிச்சுப்போடுவியள். வந்து முடிஞ்ச ஆளுக்கு ஆர் வரவு பாடுறது?”

“கட்டியகாரன் வந்து சொல்லுவான்தானே?”

“சொல்லுவான். ஆறு வருசம் கழிச்சு வந்து சொல்லுவான்.”

சிமியோனின் மீசை ஆடத் தொடங்கியது. யசிந்தா விடவில்லை.

“இப்பிடி யோசியுங்கோ மாமா. எதிரியின்ரை ஒற்றன் தொலைநோக்கியாலை பாக்கிறான். நீங்கள் உங்கடை அரண்மனையிலை இருந்து புட்டும் மீன்குழம்பும் சாப்பிடுறது தெரியுது. ‘பயமில்லை, ராசா சாப்பிடுறார்’ எண்டு சொல்ல வாயைத் திறக்கிறான். அவன்ரை கழுத்திலை உங்கடை வாள். அவன் பாத்தது பழைய வெளிச்சம்.”

அது சிமியோனுக்குக் கொஞ்சம் பிடித்தது. பிடித்ததைக் காட்டாமல், “அப்ப வாது? இரண்டு ராசாவும் நேருக்கு நேர் நிண்டு ஏசுற பாட்டு?” என்றார்.

“ஏச நேரம் கிடையாது.”

“ஏசாமல் சண்டையோ? எடி, உது சண்டையில்லை. களவு!”

“களவுதான்!” யசிந்தாவும் எழும்பிவிட்டாள். “ஆனா அதுதான் உண்மை. உந்தக் கதை எழுதுறவங்கள் முதல் பக்கத்திலை கப்பல் வெளிச்சத்தை முந்தும் எண்டு எழுதுவாங்கள். மூண்டாம் பக்கத்திலை பாத்தால் இரண்டு படையும் பள்ளிக்கூட அசெம்பிளி மாதிரி வரிசையிலை நிண்டு சுடும். முந்தி வரக்கூடியவன் ஏன் வரிசையிலை நிக்கிறான்? வேகத்துக்கு என்ன சட்டம் வைக்கிறமோ, சண்டைக்கும் அந்தச் சட்டம்தான். ஒருத்தரும் காணாமல் வரலாமெண்டால் எல்லையுமில்லை, காவலுமில்லை, கட்டியகாரனுமில்லை. என்ரை கூத்திலை நான் பொய் எழுதமாட்டன்.”

மூலையில் இருந்து ஒரு சிரிப்பு வந்தது. அது ஜெறோம். படகு இஞ்சின் திருத்துகிறவன். எதிரி ராசாவின் பங்கு அவனுக்கு.

“வரவில்லாத ராசா!” என்றான்.

மண்டபம் சிரித்தது. அண்ணாவியாரின் தாடியும் ஆடியது. சிமியோன் அப்போது சொன்னவைதான் மேலே குறைத்ததாகச் சொன்ன சொற்கள்.

அடுத்த நாள் காலை அவர் ஏலம் கூற வந்து நின்றபோது பெட்டிகளில் இருந்த ஐஸ் முழுவதும் உருகி ஓடியது. செத்துக் கிடந்த திருக்கை ஒன்று மெல்ல நகர்ந்து வேறு பெட்டிக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. கரையில் அன்றைக்குக் காகமே இல்லை. வீட்டில் மனைவி லூர்த்தம்மா கேத்திலை அடுப்பில் வைக்கவில்லை. அவர் இருந்த கதிரைக்குப் பக்கத்தில் வைத்தாள். கொதித்தது. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள்.

“இவ்வளவு காலமும் வந்துகொண்டுதானே இருக்கிறியள். ஒருக்கா வராமல் நிண்டு பாருங்கோ. சனம் தேடுதோ பாப்பம்.”

“உனக்கு என்ரை அருமை தெரியாது.”

“தெரியாமலோ? எங்கடை கல்யாணத்துக்கே பிந்தித்தானே வந்தனியள். மத்தளத்தோடை.”

இந்த நிலையில்தான் சிமியோன் இறால் எடுக்கத் தொண்டைமானாற்றுக்குப் போனார். நீரேரி கடலோடு சேருகிற முகத்துவாரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கடலில் இருந்து படகுகள் சீறிக்கொண்டு வந்தன. வாய்க்குக் கிட்ட வந்ததும் ஒவ்வொரு படகும் வேகத்தைக் குறைத்தது. மணல்திட்டு இடிக்கும் என்று இஞ்சினைத் தூக்கி, தடி ஊன்றி, மெல்ல மெல்ல உள்ளே வந்தது. எந்தச் சண்டியனும் அதில் விதிவிலக்கில்லை. சிமியோன் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு போனை எடுத்தார். உண்மையில் போன் தேவைப்பட்டிருக்காது.

“எடி யசிந்தா! இஞ்சை எல்லாரும் மெதுவாக வேண்டிக் கிடக்கு! கடலிலை எவ்வளவு கெதியாய் வந்தாலும் வாயிலை வந்து இஞ்சினைத் தூக்கத்தான் வேணும். உன்ரை விண்வெளியிலையும் ஒரு மணல்திட்டைப் போடு. நான் மெதுவாகேக்கை வரவைப் பாடுறன்!”

மறுபக்கத்தில் பேனை தாளில் ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல் வந்தது. முதல்தரம் அதில் கோபம் இல்லை.

“நல்ல யோசினை மாமா. கெட்டிக்காரர் எழுதின கதையளிலை அப்பிடித்தான். நட்சத்திரத்துக்குக் கிட்ட வந்தால் அதின்ரை பாரம் இழுக்கும், ஒளியை முந்திற ஓட்டம் அங்கை செல்லாது எண்டு ஒரு சட்டம் வைப்பினம். அப்பதான் சண்டைக்கு ஒரு இடம் கிடைக்கும்.”

“அப்ப எழுது!”

“எழுதுறன். ஆனா அந்த இடம் எதிரிக்கும் தெரியும். நீங்கள் எப்ப வருவியள் எண்டு தெரியாது, எங்கை மெதுவாவியள் எண்டு தெரியும். வாயிலை வலையைப் போட்டுக்கொண்டு காத்திருப்பான். நீங்கள் மெதுவான உடனை அடி. முதல் சொல்லு வர முன்னம் செத்துப்போவியள்.”

“நான் சாகிறதோ?”

“ஓம் மாமா. இப்ப யோசிக்க, அதுதான் சரி போல கிடக்கு.”

காலையில் வெல்லுகிற ராசாவாகத் தொண்டைமானாற்றுக்குப் போனவர், சாகிற ராசாவாகத் திரும்பி வந்தார். அதுவும் தன்னுடைய யோசனையால். போனை அங்கேயே நீரேரிக்குள் எறிந்துவிட்டார். இப்போதும் அமைதியான நேரங்களில் தண்ணீருக்குள் இருந்து அது அடிப்பதாகவும், எடுப்பதற்கு ஆளில்லை என்றும் அங்கத்தைய ஆட்கள் சொல்லுகிறார்கள்.

உடுப்புக் கட்டாமல் வெள்ளை வேட்டியோடு முழுக் கூத்தையும் ஆடிப் பார்க்கிற நாள் வந்தது. கனடாவில் இருக்கிற மகன் ஜெயரூபன் பார்க்கட்டும் என்று லூர்த்தம்மா தன்னுடைய போனில் நேரலை போட்டுக்கொண்டு முன்வரிசையில் இருந்தாள். தொடங்க முன்னம் சிமியோன் வேண்டுமென்றே எல்லார் முன்னாலும் நின்று, தன்னுடைய பழைய வரவு ஒன்றை முழுவதுமாகப் பாடினார். சுவரைப் பார்த்துத்தான் பாடினார். ஆனால் ஜெறோமுக்குக் கேட்கப் பாடினார். அதன் பிறகு கூத்துத் தொடங்கியது. ராசா விண்வெளி முகத்துவாரத்தில் மெதுவானார். ஜெறோம் வலையை வீசி, வாளால் ஒரு போடு போட்டான். சிமியோன் விழுந்து செத்தார்.

செத்துக் கிடந்தவருக்குத் தன்னுடைய குரல் கேட்டது.

மண்டபத்தின் பின்பக்கத்தில் இருந்து அவருடைய வரவு, நல்ல கம்பீரமாக, முதல் அடியிலிருந்து வந்துகொண்டிருந்தது. பிணம் எழும்பி உட்கார்ந்தது.

“ஆரடா என்ரை வரவைப் பாடுறது?”

“நீங்கள்தான் அண்ணை,” என்றாள் அயல்வீட்டு லவீனா. அவள் முன்னுக்கு வரப் பஞ்சிப்பட்டு, பின்னால் கதிரையில் இருந்தபடியே அதே நேரலையைத் தன்னுடைய போனில் பார்த்துக்கொண்டிருந்தாள். “உலகம் சுத்தி வாற படம். எங்கடை சிக்னலிலை நொண்டி நொண்டித்தான் வரும். இதிலை நீங்கள் இன்னும் சாகேல்லை.”

யசிந்தா கையில் இருந்த தாள்களைக் கீழே போட்டாள்.

“மாமா! நீங்கள் புறப்பட முன்னம் உங்கடை வரவை வானொலியிலை பாடி எதிரிக்கு அனுப்புறியள். அது வெளிச்சத்தின்ரை வேகத்திலைதான் வரும். நீங்கள் அதை முந்திக்கொண்டு வந்து செத்துப்போறியள். பேந்து, எல்லாம் முடிஞ்சு, சனம் வீட்டை போக எழும்பேக்கை, ‘வெல்ல வாறன்’ எண்டு உங்கடை பாட்டு வந்து சேருது.”

அண்ணாவியாரின் கை மத்தளத்தில் வைத்தபடியே இருந்தது. ஜெறோம்கூடத் தலையைக் குனிந்தான்.

சிமியோன் மீசையைத் தடவினார். “அப்ப வரவு இருக்கு,” என்றார். உடனே கண் சுருங்கியது. “பொறு. நான் செத்துக் கிடக்கிறன். ஆர் பாடுறது?”

“பதிஞ்சு ஸ்பீக்கரிலை போடுவம்.”

“ஸ்பீக்கரிலையோ!” மண்டபத்து ஓடுகள் இடம்மாறிய சத்தம் வெளியே கேட்டது. “அப்ப என்னையும் பதிஞ்சு போடுங்கோ, நான் வீட்டிலை படுத்திருக்கிறன்! என்ரை வரவை நான்தான் பாடுவன்.”

“அப்ப பிணமாய் வேறை ஆரையும் கிடத்துவம்,” என்றார் அண்ணாவியார்.

“என்ரை சாவை இன்னொருத்தன் சாகிறதோ? சாகிறதும் நான்தான், பாடுறதும் நான்தான்.”

“ஒராள் ஒரே நேரத்திலை இரண்டு இடத்திலை நிக்கேலாது மாமா.”

“உன்ரை கப்பல்காரன் நிக்கிறான்! அங்கை புட்டுச் சாப்பிடுறான், இஞ்சை கழுத்தை வெட்டுறான். அவனுக்கு ஏலுமெண்டால் எனக்கு ஏன் ஏலாது?”

இதற்கு யசிந்தாவிடம் பதில் இருந்தது. ஆனால் அவர் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. கடைசியில் அண்ணாவியார் தீர்த்துச் சொன்னார்: ஸ்பீக்கர்தான். சிமியோன் அன்று முதல் அவரோடு கதைக்கவில்லை. மீன் ஏலம்கூட ஒரு தொண்டைச் செருமலோடுதான் நடந்தது.

இந்த வருடத் திருநாள், யூன் பதின்மூன்று. பின்னேரப் பூசை முடிந்து, கடற்காற்றில் மேடைச் சீலைகள் அடித்துக்கொண்டிருந்தன. குதிரை கொண்டுவந்த கோவில்பற்றுக்காரரும் வந்து முன்னால் இருந்தார்கள். பதிந்த வரவு ஸ்பீக்கர்காரனிடம் ஆயத்தமாக இருந்தது. ஜெறோம் வலையோடு முகத்துவாரத்தில் வந்து நின்றான். திரைக்குப் பின்னால் சிமியோன் முடியும் வாளுமாக, நெஞ்சுக்குள் உலை கொதிக்க, மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். ஜெறோமுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. எழுதிக் கொடுக்காத ஒரு வரியை எடுத்துவிட்டான்:

“வாரும் வாரும், வரவில்லாத ராசாவே!”

சனம் சிரித்தது. பக்கத்துக் கோவில்பற்று எழும்பி நின்று சிரித்தது.

சிமியோனுக்கு வந்த கோபத்தை அளக்கக் கருவி இல்லை. அவர் புறப்பட்டார். அதன் பிறகு ஊர் கண்டது இந்த ஒழுங்கில்: முதலில், மேடை நடுவில் சிமியோன் செத்துக் கிடந்தார், முடி ஒரு பக்கம் உருண்டு போயிருந்தது. அடுத்ததாக, வாள் விழுகிற சத்தம் கேட்டது. அதற்கும் பிறகுதான் ஜெறோமின் கை உயர்ந்து வெட்டியது. “நான் இன்னும் அடிக்கேல்லையே!” என்று ஜெறோம் அழாக்குறையாகச் சொன்னான். எல்லாவற்றுக்கும் கடைசியில், திரை ஆடியது.

திரைக்குப் பின்னால் இருந்து வரவு எழும்பியது.

*எட்டுத் திசையதிர எழுந்து வந்தேனே – ஒளி*
*எட்டாத தூரமெல்லாம் கடந்து வந்தேனே*

எல்லாரும் ஸ்பீக்கர்காரனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் கழற்றிய வயரைக் கையில் தூக்கிக் காட்டினான். திரை விலகியது. சிமியோன் பாடிக்கொண்டு வெளியே வந்தார். மேடை நடுவில் சிமியோன் செத்தபடி கிடந்தார். மூக்கில் ஒரு இலையான், கொழுத்த ஈ, இருந்தது. யசிந்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டாள். இருவரும் இருந்தார்கள். அண்ணாவியாருக்கு யோசிக்க நேரமில்லை. மத்தளத்தை வரவுக்கு அடித்தார்.

சிமியோன் தன்னுடைய படையைப் பாடினார். அந்தப் படை அழிந்தது சனத்துக்குத் தெரியும். வாளைப் பாடினார். அது முறிந்து கிடந்தது. ‘வெல்ல வந்தேன்’ என்று மீசையை முறுக்கிக்கொண்டு அவர் சுற்றிவர, கச்சான் விற்கிறவள் சுருளைக் கீழே வைத்துவிட்டு விம்மினாள். வரவுக்கு ஊர் அழுதது அதுதான் முதல்தரம். முன்னால் இருந்த குதிரைக்காரரும் அழுதார்கள்.

மூன்றாம் சுற்றில்தான் சிமியோன் கீழே பார்த்தார். தன்னைக் கண்டார். பாட்டு நின்றது. மத்தளம் நின்றது. இப்போது கோபம் ஆறிவிடும் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

“டேய் ஜெறோம்!” மண்டைதீவில் விளக்குகள் எரிந்தன. “ராசாவைக் கிடத்திற முறையோடா இது? முடி ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், மூக்கிலை இலையான்! செத்தவனுக்கு ஒரு மரியாதை இல்லையோ? மூதேசி!”

சொல்லிவிட்டுக் குனிந்து, இலையானைத் துரத்தி, முடியைத் தூசு தட்டி எடுத்து, அவருடைய தலையில் நேராக வைத்தார். எந்தத் தலையில் வைத்தார் என்பதில் மட்டும் சாட்சிகள் இரண்டுபட்டார்கள். அதற்குள் திரை விழுந்துவிட்டது.

மேடைக்குப் பின்னால் லூர்த்தம்மா தேத்தண்ணியோடு நின்றாள். வந்தவர் ஒருவர்தான்.

“இந்தமுறையும் பிந்தித்தான் வந்தனியள்,” என்றாள்.

அண்ணாவியார் அடுத்த நாள் காலையிலேயே சவரம் செய்துகொண்டார்.

இன்றைக்கு யூன் ஆறாம் திகதி. திருநாளுக்கு இன்னும் ஒரு கிழமை இருக்கிறது.